ஊருக்கு வந்து சேர 83 பக்கம்

கடந்த மாதம் மூன்று கையெழுத்துப் பிரதிகள் என் மேசைக்கு வந்தன. மூன்றும் யாழ்ப்பாணப் பகுதி ஊர்களின் வரலாறு. ஒன்று வலிகாமம், ஒன்று வடமராட்சி, மற்றது தீவுப்பகுதி. எழுதியவர்களில் இருவர் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள். ஒருவர் விதானையாராக, அதாவது ஊர் அரச அலுவலராக இருந்தவர். ‘மாஸ்டர், ஒருக்கால் மெய்ப்புப் பார்த்துத் தாங்கோ’ என்று கேட்டிருந்தார்கள். வாசிக்க வாசிக்கச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. இருபது வருடத்துக்கு முன் என் முதல் புத்தகத்தில் நான் விட்ட பிழைகள் ஏறக்குறைய அதே வரிசையில் இருந்தன.

எழுத்துப்பிழை, ஒற்றுப்பிழை, பக்க எண் மாறுவது எல்லாம் இங்கே வேண்டாம். அவை மெய்ப்பில் பிடிபடும். பிடிபடாவிட்டாலும் வாசகர் பொறுத்துக்கொள்வார். நான் சொல்லப்போவது அவர் புத்தகத்தை மூடி வைக்கிற இடங்களைப் பற்றி. பின்னேரங்களில் எங்கள் சனசமூக நிலையத்து நூலகத்தில் இரவல் கொப்பி என் கையில்தான் இருக்கும். யார் எதை எடுக்கிறார்கள், எத்தனை நாளில் திரும்பி வருகிறது என்று தெரியும். எந்தப் பக்கத்தோடு நின்றுவிட்டார்கள் என்பதை மடித்த மூலை காட்டிக்கொடுத்துவிடும்.

நாகரில் தொடங்குவது

மூன்று பிரதிகளும் நாகரில் தொடங்கின. அப்புறம் யாழ்பாடி வந்து யாழ் வாசித்துப் பரிசு பெற்றார். ஆரியச் சக்கரவர்த்திகள் வந்தார்கள். சங்கிலியன் வந்தான். 1619இல் போர்த்துக்கேயர், 1658இல் ஒல்லாந்தர், 1795இல் ஆங்கிலேயர். வலிகாமத்துப் பிரதியில் ஊரின் பெயர் முதன்முதலாக வருவது 71ஆம் பக்கத்தில்.

இதைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. என் புத்தகம் 212 பக்கம். அதில் 83 பக்கம் தாண்டித்தான் ஊர் வந்தது.

வெளியீட்டு விழா வடிவாகத்தான் நடந்தது. மங்கல விளக்கு, முதற்பிரதி, சிறப்புப் பிரதி, பிறகு வரிசையில் வந்து கடித உறையைத் தந்து புத்தகத்தை வாங்கிப் போனவர்கள். 500 அடித்ததில் அன்று 160 போயிற்று. இரண்டு மாதம் கழித்து நூலகத்துக்கு ஒரு ஆச்சி வந்தார். பத்திரிகையில் மரண அறிவித்தல் பக்கத்தைத் தவிர வேறெதையும் அவர் வாசித்து நான் கண்டதில்லை. என் புத்தகத்தைக் கேட்டு வாங்கி மேசையில் வைத்தார். கண்ணாடியைச் சேலைத் தலைப்பால் துடைத்துப் போட்டுக்கொண்டு நடுவில் திறந்தார். விரலில் எச்சில் தொட்டுப் புரட்டினார். முன்னுக்குப் போனார், பின்னுக்கு வந்தார். பத்து நிமிடம் இருக்கும். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து, ‘தம்பி, உதில எங்கட ஒழுங்கை எங்க கிடக்கு?’ என்றார்.

அவருடைய ஒழுங்கை புத்தகத்தில் இல்லை. ஒல்லாந்த ஆட்சித் தலைவர்களின் பெயர்ப் பட்டியல் இருந்தது.

ஏன் இப்படிச் செய்கிறோம்? ஒன்று, பயம். நாலு கிணறும் ஒரு கோயிலும் ஒரு பள்ளிக்கூடமும் ஒரு சந்தியும் உள்ள ஊருக்கு வரலாறு என்று பெயர் வைக்கக் கூச்சமாக இருக்கிறது. அந்தக் கூச்சத்தை மறைக்க அரசர்களைக் கூட்டி வருகிறோம். மற்றது, பஞ்சி. புத்தகத்தைப் பார்த்துப் புத்தகம் எழுதுவது, வெயிலில் சைக்கிள் மிதித்து வீடு வீடாகப் போய் வாங்கில் குந்தியிருந்து கதை கேட்பதைவிடச் சுகம். நாம் பார்த்து எழுதுகிற புத்தகங்களும் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியவைதான். அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டே போனால், ஒல்லாந்தர் காலத்தில் மயில்வாகனப் புலவர் எழுதிய யாழ்ப்பாண வைபவமாலையில் போய் நிற்கும். யாழ்பாடி கதையைச் சின்ன வயதிலேயே கேட்டு முடித்தவர் அதை உங்களிடம் மறுபடி காசு கொடுத்து வாங்கமாட்டார்.

நட்டம் கட்டிலுக்குக் கீழே கிடந்த விற்காத புத்தகப் பெட்டிகளோடு நின்றிருந்தால் நான் எப்போதோ மறந்திருப்பேன். புத்தக வேலைக்காக ஒரு ஐயாவிடம் நாலு பின்னேரம் போயிருந்தேன். இளந்தாரியாக இருந்தபோது துலா, அதாவது கிணற்றில் தண்ணீர் இறைக்கிற நீள மரம், மிதித்தவர். ஒரு பங்குக் கிணற்றில் எத்தனை குடும்பத்துக்குத் தண்ணீர் முறை இருந்தது, யாருடைய முறை விடியற்புறம், யாருடையது மத்தியானம், முறை மாறி இறைத்தால் வழக்கு எந்த வீட்டுத் திண்ணையில் தீர்ந்தது என்றெல்லாம் விரல் மடித்துச் சொன்னார். 1964 மார்கழிப் புயலில் எந்த வீட்டுக் கூரை எந்த வளவில் போய் விழுந்தது என்று கையைக் காட்டிச் சொன்னார். தொண்ணூறுகளில் மண்ணெண்ணெய்க்குத் தட்டுப்பாடு வந்து தண்ணீர் இறைக்கிற இயந்திரம் ஓய்ந்துபோக, படுத்துக் கிடந்த துலாவை மறுபடி நிமிர்த்தினார்களாம். பொடியளுக்கு அதில் ஏறி நடக்கத் தெரியாது. இவர்தான் அறுபது வயதில் ஏறிக் காட்டினார்.

ஒரு கொப்பி நிறைய எழுதினேன். அச்சகத்தில் பக்கம் கூடிவிட்டது, கொஞ்சம் குறையுங்கோ என்றார்கள். போர்த்துக்கேயரை வெட்ட மனம் வரவில்லை. ஐயாவை வெட்டினேன். நாலு பின்னேரமும் ஒரு வரியாயிற்று: ‘முற்காலத்தில் துலா மூலம் நீர் இறைக்கப்பட்டது.’ மறுபதிப்பில் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அடுத்த மாரிக்கு முன் அவர் போய்விட்டார். கொப்பி இன்னும் இருக்கிறது. அவசரத்தில் சுருக்கி எழுதிய குறிப்புகள் எனக்கே விளங்கவில்லை. ‘கி. மூலை, விடிய முதல், த. பங்கு’ என்று ஓரிடத்தில் இருக்கிறது. ‘த.’ யார்? கேட்க ஆள் இல்லை. சங்கிலியனைப் பற்றி அறிய எத்தனையோ வழி உண்டு.

ஆகவே பொது வரலாறு உங்கள் ஊரைத் தொடுகிற இடத்தில் மட்டும் வரட்டும். ஒல்லாந்தர் காலத்துக் காணிப் பதிவேடான தோம்பில் உங்கள் ஊர்க் காணிப் பெயர் கிடைத்ததா, அந்தப் பெயரோடு ஒல்லாந்தரைக் கொண்டுவாருங்கள். ஊர்ப் பள்ளிக்கூடத்தைத் தொடக்கியது 1816இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் என்றால், அந்தப் பள்ளிக்கூட வாசலில் அவர்கள் வரட்டும். மற்றபடி முதல் வசனத்திலேயே வாசகரைச் சந்தியில் இறக்கி விடுங்கள்.

ஆசியுரைகள்

எல்லோருடையதையும் சேர்த்து நாலு பக்கம். மிச்சத்தை மேடையில் பேசட்டும்.

‘விழாவின்போது எடுத்த படம்’

வாசகர் முதலில் பார்ப்பது படத்தை. அடுத்ததாகப் பார்ப்பது படத்தின் கீழே உள்ள வரியை. அங்கே ‘வாசிகசாலைத் திறப்பு விழாவின்போது எடுத்த படம்’ என்று மட்டும் இருந்தால் அவருக்கு வருகிற கோபம் சாதாரணமானதல்ல. திறப்பு விழா என்பது படத்திலேயே தெரிகிறது. நிற்பது யார்?

போன நல்லூர்த் திருவிழாவுக்கு ரொறன்ரோவிலிருந்து வந்திருந்த ஒரு குடும்பம் நூலகத்துக்கு வந்தது. மகனுக்குப் பதினாறு வயதிருக்கும். தமிழ் பேசுவான், வாசிக்கமாட்டான். என் புத்தகத்துப் படமொன்றில் கடைசி வரிசையில் நின்ற பெண்ணைத் தாய் தொட்டுக் காட்டினார். தன்னுடைய அம்மா என்றார். பையன் கைபேசியில் அந்தப் பக்கத்தைப் படமெடுத்தான். ‘இதில அம்மம்மாட பேர் எங்க?’ என்று கேட்டான். தாய் என்னைப் பார்த்தார். முன்வரிசையில் கதிரையில் இருந்த ஏழு பேரின் பெயரும் பட்டத்தோடு கீழே இருந்தது. நின்றவர்கள் ‘ஊர்மக்கள்’.

இடமிருந்து வலமாக எல்லோருடைய பெயரையும் போடுங்கள். தெரியாத ஆளுக்கு ‘பெயர் தெரியவில்லை’ என்று போடுங்கள். அதைப் பார்த்தால் யாராவது வந்து சொல்வார்கள்.

எல்லோரையும் வள்ளலாக்குவது

செத்தவருக்கு முப்பத்தோராம் நாளில் செய்கிற அந்தியேட்டிக்கு அடித்துக் கொடுக்கிற நினைவுப் புத்தகமான கல்வெட்டுத்தான் எங்கள் வீடுகளில் நிறையச் சேர்ந்திருக்கும் புத்தகம் என்பது என் எண்ணம். தேவாரம், வாழ்க்கைச் சுருக்கம், வம்சாவளி, நன்றி நவிலல். அதைக் குறைவாகச் சொல்லவில்லை; ஊர் வரலாறு எழுத உட்காருகிறவருக்குப் பழைய கல்வெட்டுகள்போல உதவி வேறில்லை. அதிலுள்ள நடையையும் சேர்த்து எடுத்துக்கொள்வதுதான் வில்லங்கம். துக்க வீட்டில் ஒருவரை ‘கொடைவள்ளல், பண்பாளர், அன்பின் உறைவிடம்’ என்று எழுதுவது முறை. ஊர் வரலாற்றில் நாற்பது பேரை அப்படி எழுதினால் நாற்பது பேரும் ஒரே ஆளாகிவிடுகிறார்கள். வாசகர் அவர்களைக் கண்டு பழகியவர். தலைமை வாத்தியார் சைக்கிளில் ஏறாமல் உருட்டிக்கொண்டே பள்ளிக்கூடம் போனதும், கடைக்காரர் கடன் கொப்பியைத் தலையணைக்குக் கீழே வைத்துப் படுத்ததும் அவருக்குத் தெரியும். அதை எழுதினால் பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டுவார். நான் கண்டிருக்கிறேன்.

பாமினி

பாமினி என்கிற பழைய எழுத்துருவில் அடித்ததை யூனிகோடுக்கு மாற்றினால் மாற்றியபின் முழுவதையும் ஒருமுறை வாசியுங்கள். மேற்கோள் குறியும் அடைப்புக்குறியும்தான் முதலில் கெடும்.

இடப்பெயர்வுக்கு அடைமொழி

யுத்தத்தால் வலிகாமத்துச் சனம் ஊரைவிட்டுப் போன 1995 ஒக்டோபர் 30 இரவைப் பற்றி மூன்று பிரதியிலும் உண்டு. வலிகாமத்தவர் நடந்தார்கள், மற்ற இரு ஊர்க்காரருக்கும் அங்கே இருந்த உறவினர்கள் நடந்தார்கள். மூவரும் அதை ‘சொல்லொணாத் துயரம்’, ‘வரலாறு காணாத அவலம்’ என்று எழுதியிருந்தார்கள். பொய்யில்லை. வாசிக்கிறவரும் அன்றிரவு அந்தச் சனத்துக்குள் நின்றவர் என்பதை மறந்து எழுதியதுதான் குறை. துயரம் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மற்றவர்கள் சைக்கிள் கரியரில் என்ன கட்டினார்கள், நாவற்குழிப் பாலத்தைக் கடக்க எத்தனை மணித்தியாலம் எடுத்தது, ஆட்டையும் மாட்டையும் அவிழ்த்து விட்டுவிட்டுப் போனார்களா, தென்மராட்சியில் யார் வீட்டு விறாந்தையில் படுத்தார்கள், இதையெல்லாம் தன்னுடைய கதையோடு ஒப்பிட்டுப் பார்க்கத்தான் அவர் புத்தகத்தை எடுக்கிறார்.

விதானையாரின் பிரதியில் அப்படி ஒரு வரி கிடந்தது, அதுவும் அடிக்குறிப்பில். ‘பதட்டத்தில் காணி உறுதியை விட்டுவிட்டுத் தேங்காய் திருவுகிற திருவலையைக் கட்டிக்கொண்டு போனோம்.’ ஐயா, இதை ஏன் கீழே போட்டீர்கள் என்று கேட்டேன். ‘அது சின்ன விசயம்தானே மாஸ்டர்’ என்றார். மேலே ஏற்றச் சொன்னேன். அடைமொழி இருந்த பந்தியை அவரே வெட்டினார்.

எங்கே கிடைத்தது என்று சொல்லாமை

யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981இல் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் போயின. வீட்டுப் பெட்டகங்களில் இருந்தவற்றில் கனக்க இடப்பெயர்வுகளில் போயின. அதனால் எங்கள் வாசகர் பழைய செய்தி ஒன்றைக் கண்டால், ‘இது இவருக்கு எங்கே கிடைத்தது?’ என்றுதான் முதலில் கேட்பார். பள்ளிக்கூடச் சம்பவத் திரட்டில் கண்டேன், இன்ன காணி உறுதியில் இருந்தது, இன்னார் வாய்ச்சொல் என்று பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். வாய்ச்சொல் என்று எழுதுவதில் வெட்கம் ஒன்றுமில்லை.

கோயில் வீதி

ஊர் கோயில் வீதியோடு முடிவதில்லை. வீதிக்கு அப்பால் இருக்கிற சனம் புத்தகத்தில் தெரியாமல் விடுபடுவதும் இல்லை.

பாரம்

தடித்த அட்டை, பளபளக்கும் தாள், அகலப் பக்கம். வெளிநாட்டில் இருக்கும் ஊர்ச் சங்கம் பணம் அனுப்பினால் புத்தகம் இப்படித்தான் வீங்கும். திரும்பிப் போகிறவரின் பயணப் பெட்டியில் அது மிளகாய்த்தூளோடும் புழுக்கொடியலோடும் போட்டி போடவேண்டும். எது வெளியே எடுக்கப்படும் என்று நான் சொல்லத் தேவையில்லை. இங்கே உள்ள ஆச்சிமாருக்கும் அது மடியில் வைத்து வாசிக்க ஏலாத பாரம்.

அன்பளிப்பு

விலை போடுங்கள். சும்மா கொடுத்த புத்தகத்தை யாரும் வாசித்து நான் கண்டதில்லை, கல்வெட்டைத் தவிர.

பெயரடைவு இல்லாமை

ஊர் வரலாற்றை முதல் பக்கத்திலிருந்து வாசிக்கிறவர் அருமை. தன் வீட்டை, தன் தகப்பனை, தன் ஒழுங்கையைத் தேடித்தான் திறக்கிறார்கள். கடைசியில் ஆட்பெயர், இடப்பெயர், காணிப்பெயர் மூன்றுக்கும் அகர வரிசையில் பக்க எண் கொடுத்தால் ஆச்சியின் பத்து நிமிடம் அரை நிமிடமாகியிருக்கும். பக்கம் கட்டி முடித்த பிறகு இரண்டு நாள் வேலை. என் புத்தகத்தில் நான் செய்யவில்லை. மறுபதிப்புக்கு இப்போது செய்கிறேன்; கொஞ்சம் இழுக்கிறது.

இழுப்பதற்குக் காரணம் நூலகப் பிரதி. இருபது வருடமாக வாசித்தவர்கள் அதில் பென்சிலால் திருத்தி வைத்திருக்கிறார்கள். மைத்துனரைத் தம்பி என்று எழுதிய இடம், மாறிப்போன வளவுப் பெயர், விடுபட்ட மதகு. ஒவ்வொன்றையும் விசாரித்துத்தான் ஏற்றவேண்டியிருக்கிறது. 131ஆம் பக்கத்தில், சந்தியில் நின்ற மருதமரம் 1978இல் தறிக்கப்பட்டது என்று எழுதியிருந்தேன். ஆண்டைக் கோடிட்டு வெட்டி, ‘77. நான் அப்ப ஏ.எல். படிச்சனான்’ என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அதற்குக் கீழே வேறொரு கையெழுத்து: ‘மருது இல்லை, புளி.’