ஈரலில் சின்னக் கட்டி: வெட்டுவதா, சுடுவதா என்று யோசிக்கும்போது நாம் செய்யும் தவறுகள்

பெரியப்பாவின் ஸ்கேன் ரிப்போர்ட் வந்த அன்று வீட்டில் எல்லோருக்கும் இருந்தது ஒரே கேள்விதான்: ஆபரேஷன் நல்லதா, ஊசி வைத்துச் சுடுவது நல்லதா? ஈரலின் வலது பக்கத்தில் ஒரே புற்றுநோய்க் கட்டி, 2.3 செ.மீ. பல வருடம் ஹெபடைடிஸ் பி இருந்து ஈரல் ஏற்கெனவே சுருங்கியிருந்தது. கேள்வியைக் கேட்ட விதமே தப்பு என்று எங்களுக்குப் புரிய இரண்டு வாரம் ஆயிற்று. அதே மாதிரி ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு தூக்கமில்லாமல் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதல் தவறு, கட்டியை மட்டும் பார்ப்பது. ஈரலிலேயே தோன்றும் புற்றுநோய் வந்தவர்களில் பெரும்பாலானோருக்கு இரண்டு நோய்கள் இருக்கின்றன. கட்டி ஒன்று, அது முளைத்த ஈரலின் சிரோசிஸ், அதாவது ஈரல் தழும்பேறிச் சுருங்கிப்போவது, இன்னொன்று. நல்ல ஈரலில் பெரும்பகுதியை வெட்டி எடுத்தாலும் மிச்சம் வளர்ந்து ஈடுகட்டிவிடும். சிரோசிஸ் வந்த ஈரலுக்கு அந்தத் தெம்பு கிடையாது. குறைந்தது 40 சதவீதமாவது மிஞ்ச வேண்டும் என்று சர்ஜன்கள் கணக்குப் போடுவது அதனால்தான். பிலிருபின், ஆல்புமின், ரத்தம் உறையும் நேரம், வயிற்றில் நீர், மூளையில் குழப்பம் ஆகிய ஐந்தையும் வைத்து 'சைல்ட்-பியூ' என்று ஏ, பி, சி தரம் போடுவார்கள். ஏ என்று வந்தாலே ஆபரேஷனுக்குத் தயார் என்று நினைத்துவிடாதீர்கள். மண்ணீரல் வீங்கி, பிளேட்லெட் ஒரு லட்சத்துக்கும் கீழே இருந்தால், ஈரலுக்குப் போகும் போர்ட்டல் ரத்தக்குழாயில் அழுத்தம் ஏறியிருக்க வாய்ப்பு அதிகம். அப்படிப்பட்டவருக்குப் பெரிதாக வெட்டினால், கட்டி போய்விடும், ஆனால் ஈரல் கைவிட்டுவிடும்.

எங்கள் வீட்டில் கட்டியின் அளவு எல்லோருக்கும் மனப்பாடம். பிளேட்லெட் எவ்வளவு என்று டாக்டர் கேட்டபோது ஒருவருக்கும் தெரியவில்லை.

அடுத்தது, சுடுவதை 'ஆபரேஷன் தாங்காதவர்களுக்குச் செய்யும் அரைகுறை வைத்தியம்' என்று ஒதுக்குவது. நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். அப்ளேஷன் என்கிற இந்தச் சுடும் முறையில் என்ன நடக்கிறது என்றால், ஸ்கேன் பார்த்தபடியே தோல் வழியாக ஒரு ஊசியைக் கட்டிக்குள் செலுத்துகிறார்கள். ரேடியோ அலையாலோ மைக்ரோவேவாலோ ஊசிமுனையைச் சுற்றிச் சூடேறும். 60 டிகிரிக்கு மேல் போனால் செல்கள் உடனே செத்துவிடும். அல்ட்ராசவுண்ட் திரையில் பார்த்தால், கட்டியின் மேல் வெள்ளையாக ஒரு மேகம் பரவும். திசு கொதிக்கும்போது வரும் நுண்ணிய குமிழிகள் அவை. கட்டியோடு நிற்காமல், சுற்றிலும் அரை முதல் ஒரு செ.மீ. நல்ல ஈரலையும் சேர்த்துச் சுட்டால்தான் வேலை முழுமை. பெரும்பாலும் ஓரிரு நாளில் வீடு திரும்பலாம்.

இந்த இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட்டு ஜப்பானில் 'சர்ஃப்' என்ற ஆய்வு நடந்தது. 2009-லிருந்து 2015 வரை, 3 செ.மீ.க்கு மிகாத, மூன்றுக்கு மிகாத கட்டிகள் உள்ள 300-க்கும் அதிகமானவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஐந்து வருடம் கழித்து இரண்டு பக்கமும் 100-க்கு 70 பேருக்கு மேல் உயிரோடு இருந்தார்கள். கட்டி திரும்ப வராமல் இருந்தவர்கள் இரண்டு பக்கமும் 100-க்கு 43 பேர் வாக்கில். சொல்லும்படியான வித்தியாசம் இல்லை.

சரி, அப்படியென்றால் எல்லோரும் ஊசியே வைத்துக்கொள்ளலாமா? அது எதிர்த்திசைத் தவறு. அந்த ஆய்வு 3 செ.மீ. வரைதான் பேசுகிறது. 2 செ.மீ.க்குள் சூடு கட்டியைச் சுலபமாக மூடிவிடும். 3-ஐத் தாண்டினால் ஓரங்களில் உயிருள்ள செல்கள் தப்பிக்கும் வாய்ப்பு ஏறிக்கொண்டே போகும். அங்கே, ஈரல் தாங்குமென்றால், ஆபரேஷன்தான் என் மனதுக்குச் சரியாகப் படுகிறது. சீனாவில் 5 செ.மீ. வரையுள்ள ஒற்றைக் கட்டிகளை வைத்து 2006-ல் வந்த ஆய்வு இரண்டும் சமம் என்றது. அதே நாட்டில் 2010-ல் வந்த இன்னொரு ஆய்வு ஆபரேஷன்தான் மேல் என்றது. இதில் ஒன்றை மட்டும் இணையத்தில் படித்துவிட்டு டாக்டரோடு மல்லுக்கு நிற்பதில் பயனில்லை. ஆபரேஷனில் இன்னொரு நன்மையும் உண்டு. வெட்டியெடுத்த துண்டை மைக்ராஸ்கோப்பில் பார்த்து, நுண்ணிய ரத்தக்குழாய்களுக்குள் நோய் புகுந்திருக்கிறதா என்று சொல்லிவிடுவார்கள். சுட்டால் பார்க்கத் துண்டு இருக்காது.

குடலில் தொடங்கி ஈரலுக்குப் பரவிய கட்டிக்கும் இதே ஊசி வைத்தியம் உண்டு. அந்த நோயின் கணக்கைப் படித்துவிட்டு இதற்குப் பொருத்திப் பார்க்காதீர்கள். அது வேறு நோய், அங்கே சுற்றியுள்ள ஈரலும் பெரும்பாலும் நல்ல ஈரல்.

அளவைப் பார்த்துவிட்டு இடத்தைப் பார்க்காமல் விடுவதும் நிறைய நடக்கிறது. பெரிய ரத்தக்குழாயை ஒட்டிக் கட்டி இருந்தால், ஓடும் ரத்தம் சூட்டை அடித்துக்கொண்டு போய்விடும். அந்தப் பக்கத்துச் செல்கள் சரியாக வேகாது. பித்தப்பை, குடல், பித்தநாளம் பக்கத்தில் இருந்தால், அவற்றுக்கே சூடு பட்டுவிடும் ஆபத்து. சில சமயம் நடுவில் திரவத்தைச் செலுத்தி விலக்கிவிட்டுச் சுடுவார்கள். ஈரலின் விளிம்பில் துருத்திக்கொண்டிருக்கும் கட்டியை, சின்னத் துளை போட்டுச் செய்யும் லேப்ராஸ்கோப்பியில் சுலபமாக எடுத்துவிடலாம். அதே 2 செ.மீ. ஈரலின் நட்டநடுவில் இருந்தால், அதை எடுக்க நல்ல ஈரலை நிறையவே பலி கொடுக்க வேண்டும். அங்கே ஊசிதான் கை கொடுக்கும். ஆகவே சர்ஜனை மட்டும் பார்த்துவிட்டோ, ஊசி வைக்கும் ரேடியாலஜிஸ்டை மட்டும் பார்த்துவிட்டோ முடிவெடுக்காதீர்கள். இரண்டு பேரும் ஒரே படத்தை வைத்துப் பேசினார்களா என்று கூச்சப்படாமல் கேளுங்கள்.

'கத்தி பட்டால் பரவிவிடும்' என்று பயந்து மாதக்கணக்கில் கீழாநெல்லியோடு காலம் தள்ளுவதைப் பார்த்தால் மனசு பதறுகிறது. ஊசி போன வழியில் நோய் விதைபடுவது அபூர்வமாக நடப்பதுதான். அதைத் தடுக்க, ஊசியை வெளியே எடுக்கும்போது வந்த வழியையும் சுட்டுக்கொண்டே வருவார்கள். ஆனால் 2 செ.மீ. கட்டி 4 செ.மீ. ஆகும்வரை காத்திருப்பதில் இருக்கும் ஆபத்து அதைவிடப் பல மடங்கு பெரிது.

அப்புறம், சிகிச்சை முடிந்தபின் வரும் முதல் ரிப்போர்ட். பெரியப்பாவுக்கு ஊசிதான் வைத்தார்கள். ஒரு மாதம் கழித்து எடுத்த சிடி ஸ்கேனில் 4.1 செ.மீ. என்று இருந்தது. பெரியம்மா அந்த எண்ணைப் பார்த்ததும் வராந்தாவிலேயே உட்கார்ந்துவிட்டார். 'கட்டி இரண்டு மடங்காயிடுச்சே' என்று ஒரே அழுகை. உண்மையில் அது கட்டி இல்லை, சுட்ட தழும்பு. கட்டியைவிடத் தழும்பு பெரிதாக இருந்தால்தான் சுற்றிலும் நல்ல ஓரம் விட்டுச் சுட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். அந்த ரிப்போர்ட்டில் தேட வேண்டியது அளவை அல்ல, ஸ்கேனுக்காக ரத்தத்தில் செலுத்தும் சாயம் தழும்புக்குள்ளோ ஓரத்திலோ ஏறுகிறதா என்பதை. ஏறினால் அங்கே உயிருள்ள கட்டி மிச்சம் இருக்கலாம். அவருடையதில் ஏறவில்லை. இதைச் சுடுவதற்கு முன்பே ஒருவர் எங்களுக்குச் சொல்லியிருந்தால் அந்த ஒரு ராத்திரியாவது பெரியம்மா தூங்கியிருப்பார். சிகிச்சை முடிந்த சில நாட்களுக்கு லேசான காய்ச்சலும் உடம்பு வலியும் வருவதும் சகஜம். குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் ஏறினால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

கடைசியாக, 'கட்டிதான் போச்சே' என்று விட்டுவிடுவது. வெட்டினாலும் சுட்டாலும், நோயைப் பெற்ற ஈரல் அங்கேயேதான் இருக்கிறது. ஐந்து வருடத்துக்குள் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குக் கட்டி திரும்ப வருகிறது, பல சமயம் வேறொரு மூலையில் புதிதாக. ஹெபடைடிஸ் பி மாத்திரையை டாக்டர் சொல்லாமல் ஒருநாளும் நிறுத்தக் கூடாது. குடி அறவே கூடாது. ஆரம்பத்தில் மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன். ஒரே கட்டி 5 செ.மீ.க்குள், அல்லது மூன்று கட்டி வரை ஒவ்வொன்றும் 3 செ.மீ.க்குள் என்ற, ஈரல் மாற்றுக்கு யார் பொருத்தம் என்று பார்க்கும் 1996-ன் மிலான் வரம்புக்குள் இருப்பவர்கள், ஈரல் மாற்று சிகிச்சை பற்றியும் முதல் நாளே கேட்டு வையுங்கள். அது கட்டியையும் சிரோசிஸையும் ஒன்றாகவே எடுத்துவிடும் வழி.

பெரியப்பாவுக்கு இரண்டு வருடம் கழித்து இடது பக்கத்தில் இன்னொன்று தெரிந்தது. ஸ்கேன் தேதியைத் தவறவிடாததால் 1.4 செ.மீ.யிலேயே கண்ணில் பட்டது. திரும்பவும் ஊசிதான். மறுநாள் சாயங்காலம் வீட்டுக்கு வந்து, ரசம் சாதம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.