அயனிக் கற்றையால் வேவ்கைடு: எங்கே சறுக்குகிறோம்?

லித்தியம் நியோபேட் படிகத்துக்குள் 2 மெகா எலக்ட்ரான்வோல்ட் ஹீலியம் அயனியை விட்டால், அது சுமார் 5 மைக்ரோமீட்டர் ஆழத்தில் போய் நிற்கும். நிற்கும் இடத்தில்தான் அணுக்களை அதிகம் இடித்துத் தள்ளும். அங்கே ஒளிவிலகல் எண் குறைந்து ஒரு தடுப்பு உருவாகிறது. தடுப்புக்கும் மேற்பரப்புக்கும் நடுவே ஒளி சிக்கிக்கொண்டு ஓடுகிறது. அதுதான் வேவ்கைடு. புதிதாக இறங்குகிறவர்கள் அயனி நிற்கும் இடத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஒளி ஓடப்போவதோ அயனி கடந்துபோன பகுதியில்.

சிக்கல் கணக்கு போடும்போதே ஆரம்பிக்கிறது. அயனி எவ்வளவு ஆழம் போகும், எங்கே சேதம் செய்யும் என்று கணக்கிட எல்லோரும் கையில் எடுப்பது ஸ்ரிம் (SRIM) மென்பொருள். நல்ல கருவிதான், ஆனால் அதற்குப் படிகம் என்ற ஒன்றே கிடையாது. அணுக்கள் ஒழுங்கின்றி இறைந்து கிடப்பதாகவே எடுத்துக்கொள்ளும். உண்மையில் அணு வரிசைகளுக்கு இடையிலுள்ள சந்தில் புகுந்த அயனி கணக்கைவிட ஆழமாகப் போய்விடும். அதனால்தான் படிகத்தைக் கற்றைக்கு நேராக வைக்காமல் சுமார் 7 டிகிரி சாய்க்கிறார்கள்.

இதைவிடப் பெரிய பொறி ஸ்ரிம் தரும் சேத வரைபடம். அணுவோடு அணு மோதுவதால் வரும் சேதத்தை மட்டுமே அது காட்டும். ஆர்கான், கிரிப்டான் போன்ற கன அயனிகளைப் பல பத்து மெகா எலக்ட்ரான்வோல்ட்டில் அனுப்பினால், போகிற வழியில் எலக்ட்ரான்களுக்குக் கொடுக்கும் ஆற்றலே லித்தியம் நியோபேட்டின் ஒழுங்கைக் குலைத்துவிடும். அப்போது வரைபடத்தின் உச்சியில் தடுப்பைத் தேடினால் கிடைக்காது. டோஸும், அதாவது ஒரு பரப்பில் செலுத்தும் அயனிகளின் எண்ணிக்கையும், வேறு: ஹீலியத்துக்குச் சதுர சென்டிமீட்டருக்கு 10¹⁶ என்ற அளவில் அயனிகள் வேண்டும், இந்த வேகமான கன அயனிகளுக்குப் பெரும்பாலும் அதில் ஆயிரத்தில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோ போதும். ஹீலியம் பற்றிய ஆய்வுக் கட்டுரை ஒன்றில் பார்த்த டோஸை அப்படியே இதற்குப் போட்டால் மேற்பரப்பே உருக்குலைந்துவிடும்.

அயனிக் கற்றை தரும் முடுக்கியில் நேரம் கேட்பதற்கு முன், அங்கே அயனிகளை உண்டாக்கும் மூலம் எது என்று விசாரியுங்கள். டில்லியின் பெல்லட்ரான், கல்பாக்கத்தின் டாண்டட்ரான் ஆகிய முடுக்கிகள் இரண்டும் டாண்டம் வகை, அதாவது எதிர்மின் அயனியை இழுத்து, நடுவில் நேர்மின் அயனியாக மாற்றி, மறுபடி தள்ளுபவை. இவற்றுக்கு முதலில் எதிர்மின் அயனி வேண்டும். திடப்பொருளைச் சீசியம் அயனிகளால் இடித்து எதிர்மின் அயனி எடுக்கும் சீசியம் ஸ்பட்டர் மூலத்திலிருந்து ஹீலியம் வராது. அதைக் கார உலோக ஆவிக்குள் செலுத்தித்தான் எதிர்மின் அயனியாக்க முடியும்.

சரி, கற்றை கிடைத்துவிட்டது. அவசரப்பட்டு மின்னோட்டத்தை ஏற்றாதீர்கள். லித்தியம் நியோபேட் மின்கடத்தாப் பொருள், அதோடு சூடேறினாலே மேற்பரப்பில் மின்னூட்டம் சேர்க்கும் பைரோமின் படிகம். தீப்பொறி பறக்கும், சில நேரம் படிகமே விரிசல் விட்டு உடையும். டோஸைப் படிகத்திலிருந்து வரும் மின்னோட்டத்தை வைத்துக் கணக்கிடுவதும் தவறு. இரண்டாம்நிலை எலக்ட்ரான்கள் வெளியேறுவதால் காட்டும் அளவு கூடும், உள்ளே போன டோஸ் குறைந்திருக்கும். இரண்டாம்நிலை எலக்ட்ரான்களைத் தப்பவிடாமல் கற்றையின் மின்னோட்டத்தை அளக்கும் கிண்ணமான ஃபாரடே கப் கொண்டு அளப்பதே நம்பத்தக்கது.

கற்றையிலிருந்து எடுத்த படிகம் நிறம் மாறி, ஒளி இழப்பு அதிகமாக இருக்கும். இது தோல்வி இல்லை. 200 டிகிரி செல்சியஸை ஒட்டியோ சற்று மேலோ அனீலிங் செய்தால், அதாவது சூட்டில் வைத்து ஆறவிட்டால், ஒளியை உறிஞ்சும் குறைகளான நிற மையங்கள் குறையும், இழப்பும் இறங்கும். வெப்பத்தை மேலும் ஏற்றிக்கொண்டே போனால் தடுப்பை உண்டாக்கிய சேதமும் சரியாகி, தடுப்பே கரையத் தொடங்கும். டோஸ் 4 × 10¹⁶-ஐத் தாண்டினால் ஹீலியம் குமிழ் கட்டி மேல்படலமே உரிந்து வரலாம். வேடிக்கை என்னவென்றால், மெல்லிய லித்தியம் நியோபேட் படலங்களை உரித்தெடுக்க இதே உரிதலைத்தான் பயன்படுத்துகிறார்கள்!

தடுப்பு மெல்லியதாக இருந்தால் ஒளி அதைத் துளைத்து அடியில் கசியும். 633 நானோமீட்டரில் சோதித்து மகிழ்ந்துவிட்டு 1550-இல் ஏமாறுவது சகஜம்: அலைநீளம் கூடக் கூடக் கசிவும் கூடும். ஆற்றலைச் சற்று மாற்றி இரண்டு மூன்று முறை செலுத்தினால் தடுப்பு தடிக்கும்.

முப்பட்டகத்தின் வழியே வேவ்கைடுக்குள் ஒளியைச் செலுத்திப் பார்க்கும் அளவீட்டில் தெரியும் கருங்கோடுகளை எல்லாம் மோடு (வேவ்கைடுக்குள் ஒளி அடைபட்டு ஓடும் வடிவம்) என்று எண்ணிவிடக் கூடாது. கூர்மையானவையே நன்றாக அடைபட்டவை. அகலமாக மங்கித் தெரிபவை பெரும்பாலும் கசிவு மோடுகள். தடுப்பு வகை வேவ்கைடுக்குச் சாதாரண டபிள்யூ.கே.பி. (WKB) என்ற தோராயக் கணக்கு முறையில், அளந்த மோடுகளிலிருந்து ஒவ்வொரு ஆழத்திலும் உள்ள ஒளிவிலகல் எண்ணை மீட்டெடுப்பதும் பொருந்தாது. அது ஆழம் கூடக் கூட எண் சீராக இறங்குகிறது என்று நம்பி எழுதப்பட்டது.

அப்புறம் பக்கமுகத்தைத் தேய்த்துப் பளபளப்பாக்கும் வேலை. வேவ்கைடு இருப்பது விளிம்பிலிருந்து சில மைக்ரோமீட்டருக்குள். மேலே இன்னொரு படிகத் துண்டை ஒட்டாமல் தேய்த்தால் விளிம்பு உருண்டுபோகும், ஒளியை உள்ளே செலுத்தவே முடியாது.