நம்ம கேசட் அடுத்தவர் பெயரில் ஓடுகிறதா? கண்டுபிடிப்பது இப்படி

போன ஐப்பசியில் ஒரு மழைச் சாயங்காலம், கரண்ட் வந்து வந்து போய்க்கொண்டிருந்தது, நான் போனில் ஏதோ ஒரு நாயனத்தை ஓடவிட்டுவிட்டு வேறு வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே படுத்திருந்த மாமா எழுந்து வந்து, "இது நம்மூர்த் தேரு" என்றார். திரையில் தஞ்சாவூர்ப் பக்கத்து வித்வான் என்று ஒரு பெயரும் 1970 என்று ஒரு வருடமும் இருந்தன. "எப்படீங் மாமா சொல்றீங்க?" என்றேன். "சித்த இரு. இப்ப வேட்டுப் போடுவான் பாரு." பத்துப் பதினைந்து நொடி கழித்து அதிர்வேட்டு வெடித்தது.

கோபி பக்கம் எங்கள் ஊர்த் தேரன்று, 1986-இல், மாமா தன் மைக் செட் ஆம்ப்ளிஃபயரிலிருந்து ஒயர் இழுத்து டேப் ரிக்கார்டரில் பிடித்த பதிவு அது. திருட்டு என்றால் பூட்டை உடைத்த திருட்டில்லை. நாலு வருடம் முன்னால் ஒருவர் வந்து "டிஜிட்டல் பண்ணித் தர்றேனுங்க" என்றார், நாங்களே ஒரு மஞ்சப்பை நிறைய கேசட்டைக் கொடுத்துக் காபியும் கொடுத்து அனுப்பினோம், பாதிதான் திரும்பி வந்தது. பவுன் கேட்டிருந்தால் யோசித்திருப்போம்.

இப்படிப்பட்ட பதிவை எவன் திருடுவான் என்று நினைக்க வேண்டாம். புகழ்பெற்ற வித்வான் கச்சேரியை வேறு பெயரில் போட்டால் அரை மணி நேரத்தில் பத்துப் பேர் சண்டைக்கு வருவார்கள். ஊர்க் கோவில் நாயனக்காரருக்கு அப்படி யார் வருவார்கள்?

இது நம் ஊரோடு நிற்கிற சங்கதியும் இல்லை. இங்கிலாந்தில் ஜாய்ஸ் ஹாட்டோ என்று ஒரு பியானோ கலைஞர் இருந்தார், 2006 ஜூனில் 77 வயதில் காலமானார். மேடையை விட்டு விலகிப் பல வருடம் ஆனவர் பெயரில் அவர் கணவர் வில்லியம் பாரிங்டன்-கூப் நடத்திய சின்னக் கம்பெனி நூற்றுக்கு மேல் சிடி போட்டது, விமர்சகர்கள் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள். 2007 பிப்ரவரியில் குட்டு உடைந்தது. ஒரு ரசிகர், லிஸ்ட் என்ற இசையமைப்பாளரின் படைப்புகளை ஹாட்டோ வாசித்ததாகப் போட்டிருந்த சிடியைக் கம்ப்யூட்டரில் போட, ஐடியூன்ஸ் லாஸ்லோ சிமோன் என்று வேறொரு பியானோக்காரர் பெயரைக் காட்டியது. தோண்டத் தோண்ட ஆளுக்கொரு சிடியிலிருந்து எடுத்தது தெரியவந்தது, சிலவற்றில் வேகத்தைக் கூட்டிக் குறைத்திருந்தார்கள். ஆர்கெஸ்ட்ராவை நடத்தியவர் என்று போட்டிருந்த ரெனே கோலர் என்ற ஆளே உலகத்தில் இல்லை. கடைசியில் கணவர் ஒப்புக்கொண்டார்.

இதில் ஒரு விஷயம் முக்கியம். அந்தக் கம்ப்யூட்டர் பியானோவைக் கேட்டுக் கண்டுபிடிக்கவில்லை. எந்த ட்ராக் எத்தனை நீளம் என்ற கணக்கு இன்னொரு சிடியோடு ஒத்துப்போனது, அவ்வளவுதான். நாமும் அப்படித்தான் போக வேண்டும். "எங்க ஆள் தோடி மாதிரியே இருக்குது" என்பதெல்லாம் சாட்சி ஆகாது, ஒரே பாணியில் படித்த ரெண்டு பேர் ஒரே மாதிரி வாசிப்பார்கள். சங்கீதத்தை விட்டுவிட்டு, சங்கீதத்துக்கு நடுவில் தற்செயலாக விழுந்த குப்பையைத் தேடுங்கள்.

குப்பை என்றால் இருமல், குழந்தை அழுகை, மைக் கூவல், பஸ் ஆரன், வேட்டு. உங்கள் கேசட்டைப் போட்டு, ஒரு நோட்டில் எத்தனையாவது நிமிடம் எத்தனையாவது நொடியில் என்ன சத்தம் என்று எழுதுங்கள், குறைந்தது எட்டுப் பத்து இருக்கட்டும். அப்புறம் சந்தேகப் பதிவைக் கேட்டு எதிரிலேயே அதன் நேரத்தையும் எழுதுங்கள். ஒரு வேட்டு ஒத்துப்போவது தற்செயலாக இருக்கலாம். வேட்டு, அதற்கப்புறம் 41 நொடியில் ஒரு தும்மல், அதற்கப்புறம் 2 நிமிடத்தில் மைக் கூவல் என்று வரிசையாக வந்தால் அது அதே பதிவுதான்.

நேரம் ஒரே விகிதத்தில் தள்ளிப்போனால் வேகத்தை மாற்றியிருக்கிறார்கள். உங்களிடம் 12 நிமிடம் ஓடுவது அவரிடம் 11 நிமிடம் 20 நொடி ஓடினால் ஏறக்குறைய 6 சதவீதம் கூட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். பழைய முறையில் வேகம் கூடினால் சுருதியும் ஏறும், 6 சதவீதத்துக்கு அரைக் கட்டை (கட்டை என்பது சுருதியின் அளவு). 2 கட்டையில் வாசித்த நாயனம் 2½ கட்டையில் கேட்கும். இப்போதைய சாஃப்ட்வேரில் சுருதி மாறாமல் நேரத்தை மட்டும் நீட்டவும் சுருக்கவும் முடியும், அதனால் சுருதிப் பெட்டியை மட்டும் நம்பாதீர்கள், வாட்ச்சையும் பாருங்கள். ஷாசாம் மாதிரி ஆப் இதற்கு உதவாது. அதன் பட்டியலில் நம்ம தேர் இருந்தால்தானே சொல்லும்.

இன்னொரு கைரேகை கரண்ட். மைக் செட்டில் பிடித்த பதிவென்றால் அடியில் 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல் ஓடும். நம்மூர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் அந்த இரைச்சல் 50-இலும் 100-இலும் உட்காரும், அந்தக் காலக் கரண்டுக்குக் கொஞ்சம் தள்ளாடும். ஆடாசிட்டி என்று இலவச சாஃப்ட்வேர் இருக்கிறது, அதில் யாரும் வாசிக்காத ஒரு துண்டைத் தேர்ந்தெடுத்து ஸ்பெக்ட்ரம் வரைபடத்தைப் பாருங்கள். சந்தேகப் பதிவின் வரைபடத்தில் இரைச்சல் முள் மாதிரி நிமிர்ந்து நிற்கிற இடம் 53-க்கும் 106-க்கும் ஏறியிருந்தால் மேலே சொன்ன 6 சதவீதக் கணக்கோடு அப்படியே பொருந்தும். கேட்கும்போது ஓடுகிற டெக் தன் பங்குக்கு ஒரு 50-ஐச் சேர்க்கும், ரெண்டு முள் தெரிந்தால் குழம்ப வேண்டாம்.

இதே ஆடாசிட்டியில் ஒரு பதிவின் ஒலி அலையை மேல்கீழாகப் புரட்டி மற்றதன் மேல் போட்டால் ரெண்டும் ஒன்றையொன்று அழித்து மௌனமாகிவிடும் என்று சொல்வார்கள். சிடியிலிருந்து சிடி எடுத்திருந்தால் சரி. கேசட்டுக்கு வேலைக்காகாது, நாடா ஒவ்வொரு தடவையும் ஒரு மயிரிழை வேகம் மாறி ஓடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க வீணாக்கிய பிறகு சொல்கிறேன்.

வெட்டின இடத்தைக் கண்டுபிடிப்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. எங்கள் கேசட்டில் 'நகுமோமு' கீர்த்தனை போய்க்கொண்டிருக்கும்போது, சரணத்துக்கு முன்னால், மாமாவின் குரலே குறுக்கே வரும்: "பச்சைக் கலர் டிவிஎஸ் பிஃப்டியத் தேரு வர்ற வழியில நிறுத்தியிருக்கறவங்க ஒடனே வந்து எடுத்துக்குங்க." திருடியவர் அதை விட்டுவைப்பாரா, வெட்டிவிட்டார். ஒட்டு காதுக்குத் தெரியவில்லை, அவ்வளவு நேர்த்தி. ஆனால் நகுமோமு ஆதி தாளம், ஒரு ஆவர்த்தனத்துக்கு, அதாவது ஒரு சுற்றுக்கு, எட்டு அட்சரம். மாமா தொடையில் தாளம் போட்டுக்கொண்டே கேட்டார், அந்த இடத்தில் ஆறாவது அட்சரம் விழுந்ததும் அடுத்த ஆவர்த்தனம் ஆரம்பித்துவிட்டது. தவில்காரர் ரெண்டு அட்சரத்தை விழுங்கினார் என்று யார் நம்புவார்கள்? ஆலாபனையில் இந்த வித்தை பலிக்காது, அங்கே தாளம் இல்லை. கீர்த்தனைக்கும், தவில் மட்டும் வாசிக்கிற தனி ஆவர்த்தனத்துக்கும் போட்டுப் பாருங்கள்.

கேசட் திருப்பின இடத்தையும் பாருங்கள். 90 நிமிடக் கேசட்டில் ஒரு பக்கம் 45 நிமிடம்தான், தனி நடுவில் முடிந்து, திருப்பிப் போட்ட நேரத்துக்கு வாசிப்பு காணாமல் போயிருக்கும். வேறொரு ஊரில் வேறொரு வருடம் பிடித்த பதிவும் அதே தவில் சொல்லில் அறுந்து அதே சொல்லில் தொடங்குமா?

இதற்கெல்லாம் மூலக் கேசட் கையில் இருக்க வேண்டும். முதல் வேலையாக அதன் மேல் விளிம்பில் இருக்கிற ரெண்டு சின்ன பிளாஸ்டிக் துண்டையும் உடைத்துவிடுங்கள், யாரும் தெரியாத்தனமாக மேலே பதிய முடியாது. காப்பி எடுப்பதை வேவ் ஃபைலாக வையுங்கள், எம்பி3 ஆக்கினால் இரைச்சலில் இருக்கிற நுணுக்கம் போய்விடும். உறையில் எழுதியிருப்பதைப் போட்டோ எடுங்கள். யாராவது டிஜிட்டல் பண்ணித் தருகிறேன் என்றால் வீட்டுக்கு மெஷினோடு வரச் சொல்லுங்கள், காபி கொடுக்கலாம், பை கொடுக்க வேண்டாம்.

புகார் போடுவதற்கு முன்னால் ஒரு வார்த்தை. பதிவு பண்ணினவர் மாமா என்பதால் எல்லாம் மாமாவுக்கே சொந்தம் ஆகிவிடாது. 1957 பதிப்புரிமைச் சட்டப்படி வாசித்த கலைஞருக்கும் தன் வாசிப்பின் மேல் உரிமை உண்டு, 50 வருடம் வரைக்கும். அதனால் நாங்கள் முதலில் போனது நாயனக்காரர் வீட்டுக்கு. அவர் இப்போது இல்லை, மகன் இருக்கிறார். கேட்டுவிட்டு, பேர் மாத்திப்போட்டதுதான் தாங்கலை என்றார். அவர் சம்மதத்தோடு, நோட்டில் எழுதிய நேரப் பட்டியலையும் வெட்டின இடத்தையும் சேர்த்து அவர் பெயரிலேயே புகார் போனது.

புகாருக்கு முன்னால், பதிவை நெட்டில் ஏற்றியவருக்கு ஒரு போனும் போட்டுப் பார்த்தோம். "நாயனமெல்லாம் ஒரே மாதிரிதானுங்க இருக்கும்" என்றார். "வேட்டும் ஒரே மாதிரி வெடிக்குமாங்க?" என்று மாமா கேட்டார், வைத்துவிட்டார்.

பத்து நாளில் எடுத்துவிட்டார்கள். போன வாரம் இன்னொரு பெயரில், இன்னொரு வருடத்தோடு திரும்ப வந்திருக்கிறது, இந்தத் தடவை வேட்டையும் வெட்டியாயிற்று. மாமா திண்ணையில் உட்கார்ந்து தாளம் போட்டுக்கொண்டிருக்கிறார்.