நோயாளி சொன்னதை எழுதுங்கள்: சைக்கியாட்ரி போஸ்டிங்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மெடிசின் வார்டுக்கு வரும் மாணவர் கழுத்தில் ஸ்டெத், பாக்கெட்டில் டார்ச், கையில் சுத்தியல் என்று ஆயத்தமாக வருவார். அதே மாணவர் மனநலப் பிரிவான சைக்கியாட்ரிக்குக் கையை வீசிக்கொண்டு வருவார். சிலரிடம் பேனாகூட இருக்காது. காரணம் தெரிந்ததுதான். எம்பிபிஎஸ்ஸில் சைக்கியாட்ரிக்குத் தனித் தேர்வு கிடையாது, மெடிசின் பேப்பருக்குள் ஓரமாக வந்து போகும். ஹவுஸ் சர்ஜன் காலத்திலும் இரண்டே வாரம். "ரெஸ்ட் போஸ்டிங்டா" என்று சீனியர்கள் வேறு சொல்லி அனுப்பியிருப்பார்கள். இதைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. நாளைக்கு நீங்கள் எந்த ஊர் ஓபியில் உட்கார்ந்தாலும் தூக்கம் வராதவரும், குடியை நிறுத்தியதும் கை நடுங்குகிறவரும், எல்லா ஸ்கேனும் நார்மலாக இருந்தும் உடம்பெல்லாம் எரிகிறவரும் எதிரில் இருக்கத்தான் போகிறார்கள்.

ஆர்வமாக வந்து வேலை செய்கிற மாணவர்களும் செய்கிற தவறுகள் சில உண்டு. நான் சொல்ல வந்தது அவற்றைத்தான்.

அதில் முதலாவது என்னுடையது. மாணவனாக நான் எழுதிய முதல் கேஸ் ஷீட்டில் "ஆடிட்டரி ஹாலுசினேஷன் இருக்கிறது", அதாவது இல்லாத குரல் காதில் கேட்கிறது, என்று ஒரு வரி எழுதி, பெருமையாகக் கோடும் போட்டிருந்தேன். ரவுண்ட்ஸில் சீஃப் கேட்டார்: "சரி, அவருக்கு என்ன கேட்குதாம்?" எனக்குத் தெரியவில்லை. காதில் குரல் கேட்கிறதா என்று கேட்டேன், ஆமாம் என்றார், எழுதிவிட்டேன். திரும்பிப் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். விசைத்தறித் தொழிலாளி. அவர் சொன்னது இது: "ரெண்டு பேரு என்னைப் பத்தியே பேசிக்கிறானுங்க சார். 'பாரு, இப்ப டீ குடிக்கப் போறான்'ங்கிறான் ஒருத்தன். 'குடிக்கட்டும், குடிக்கட்டும்'ங்கிறான் இன்னொருத்தன்."

ஒருவருடைய செயலைப் பின்தொடர்ந்து வர்ணிக்கும் குரல், அவரைப் படர்க்கையில் வைத்துத் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் குரல்கள். ஜெர்மன் மனநல மருத்துவர் கர்ட் ஷ்னைடர், ஸ்கிசோஃப்ரினியா என்ற மனச்சிதைவு நோயின் முதல்தர அறிகுறிகள் என்று வரிசைப்படுத்தியவற்றில் இரண்டு, அந்த டீக்குள்ளேயே இருந்தன. என் ஆங்கில வரியில் அவை காணாமல் போயிருந்தன. அதே வாரம் ஓபியில் ஓர் அம்மா, "செத்துப்போன எங்கம்மா ராத்திரி வந்து பேர் சொல்லிக் கூப்பிடுறாங்க" என்றார். அம்மா இறந்து பதினாறு நாள்கூட ஆகவில்லை. அது துக்கம், பெரும்பாலும் நோயில்லை. என் பாணியில் எழுதியிருந்தால் இவருக்கும் அதே "ஹாலுசினேஷன் இருக்கிறது" தான் விழுந்திருக்கும்.

அதனால் முதலில் நோயாளி சொன்னதை அவர் வாக்கியத்திலேயே, தமிழிலேயே எழுதுங்கள். கலைச்சொல் அப்புறம் வரட்டும். "படபடன்னு வருது" என்றால் அது நெஞ்சுத் துடிப்பாக இருக்கலாம், பயமாக இருக்கலாம், கோபமாகவும் இருக்கலாம். "மயக்கம்" என்கிறவருக்குத் தலை சுற்றலாம், கண் இருட்டலாம், நிஜமாகவே நினைவும் தப்பியிருக்கலாம். "அப்படின்னா எப்படி இருக்கும், கொஞ்சம் சொல்லுங்க" என்ற ஒரு கேள்விக்கு இருக்கும் மதிப்பு பத்துப் பக்கப் படிவத்துக்குக் கிடையாது. மனச்சோர்வில் இருப்பவர் "எனக்கு மனச்சோர்வு" என்று சொல்லிக்கொண்டு வருவதில்லை. "எதுலயும் பிடிப்பு இல்ல", "மனசு விட்டுப்போச்சு", "கை காலெல்லாம் அசதி" என்பார்.

இதே கோளாறு அறிவுத்திறன் சோதனைகளிலும் வரும். ஒரு பாட்டியிடம் தேதி கேட்டார் ஒரு மாணவி. "நேத்துதானே தீபாவளி போச்சு, இன்னிக்கு ஐப்பசி நாலு" என்றார் பாட்டி. மாணவி "தேதி தெரியவில்லை" என்று குறித்துக்கொண்டார். நான் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தேன். ஐப்பசி நாலுதான். அந்த அறையில் தேதி தெரியாதவர் பாட்டி இல்லை.

நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொல்வது பள்ளிக்கூடம் போனவர்களுக்கான சோதனை. போகாதவரிடம், "நூறு ரூபாய் கொடுத்து முப்பத்தஞ்சு ரூபாய்க்குத் தக்காளி வாங்கினா மீதி எவ்வளவு?" என்று கேட்டால் பலர் நம்மைவிட வேகமாகச் சொல்வார்கள். பழமொழிக்கு அர்த்தம் கேட்கும்போது உருளும் கல்லில் பாசி ஒட்டாது என்று ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்த்துக் கேட்பவர்களை இன்னமும் பார்க்கிறேன். யானைக்கும் அடி சறுக்கும் என்று ஒன்று நம்மிடம் இருக்கும்போது அந்தக் கல்லை ஏன் உருட்டவேண்டும்? "தெருவில் ஸ்டாம்ப் ஒட்டிய கடிதம் கிடந்தால் என்ன செய்வீர்கள்" என்று விவேகத்தைச் சோதிக்கும் கேள்விக்கும் ஓய்வு கொடுத்துவிடலாம். இருபது வயது நோயாளி ஸ்டாம்ப்பைப் பார்த்திருந்தால் ஆச்சரியம்.

சரி, அடுத்தது உயிர் சம்பந்தப்பட்டது. தற்கொலை எண்ணத்தைப் பற்றிக் கேட்க மாணவர்கள் பயப்படுகிறார்கள். கேட்டால் இல்லாத எண்ணத்தைத் தூண்டிவிடுவோமோ என்று பயம். அப்படித் தூண்டுவதில்லை, யாராவது கேட்டார்களே என்று பலர் பெருமூச்சுதான் விடுகிறார்கள். கேட்காமல் விடுவதைவிட மோசம், "தப்பா எதுவும் யோசிக்கலையே?" என்று கேட்பது. "இல்லை" என்ற பதிலைக் கேள்விக்குள்ளேயே வைத்துக் கொடுத்துவிடுகிறோம். படிப்படியாகப் போகலாம். "இப்படி இருந்து என்ன பிரயோஜனம்னு தோணுதா?" "தூங்கி எழுந்திரிக்காமலே போயிட்டா நல்லாருக்கும்னு நினைச்சதுண்டா?" "உயிரை விட்டுடணும்னு எண்ணம் வந்துச்சா?" வந்தது என்றால், எப்போது, எவ்வளவு அடிக்கடி, ஏதாவது ஏற்பாடு செய்தாரா, எது தடுத்தது என்று நிதானமாகக் கேளுங்கள். இதையெல்லாம் மாமியாரையும் கணவரையும் கட்டில் பக்கத்தில் நிற்க வைத்துக்கொண்டு கேட்டால் உண்மை வராது. அவர்களை டீ குடித்துவிட்டு வரச் சொல்லுங்கள். "ஆமாம்" என்ற பதிலை உங்களோடு வைத்துக்கொள்ளாமல் அன்றைக்கே டியூட்டியில் இருக்கும் பிஜியிடம் (முதுநிலை மருத்துவரிடம்) சொல்லிவிட வேண்டும்.

விஷம் குடித்துப் பிழைத்து மெடிசின் வார்டில் இருப்பவரிடம், "புள்ளைங்கள விட்டுட்டுப் போகப் பார்த்தியே" என்று உபதேசம் செய்வதும் நடக்கிறது. அந்த ஒருமையே தவறு. அந்த வார்த்தையை அவர் ஊரில் எல்லோரிடமும் கேட்டாயிற்று. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 115வது பிரிவில், தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருதச் சொல்கிறது. அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தரும் கடமையை அரசின் மேல் வைக்கிறது. டிஸ்சார்ஜ் சீட்டில் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநலத் தொலைபேசி உதவி) எண்ணை எழுதிக்கொடுங்கள். உங்கள் செல்போனிலும் இருக்கட்டும்; மருத்துவ மாணவர்களுக்கும் அது வேலை செய்யும்.

உடம்பை மறப்பது இன்னொரு பெரிய தவறு. கால் முறிந்த லாரி டிரைவர், வெள்ளிக்கிழமை ஆர்த்தோ வார்டில் சேர்க்கப்படுகிறார். ஞாயிறு ராத்திரி படுக்கையில் எறும்பு ஊர்கிறது என்று பொறுக்குகிறார்; காற்றில் ஸ்டியரிங் பிடித்துத் திருப்புகிறார்; "திண்டிவனம் தாண்டியாச்சா?" என்று நர்ஸைக் கேட்கிறார். கேஸ் ஷீட்டில் "சைக்கியாட்ரி ஒபினியன்" என்று எழுதிவிட்டு எல்லோரும் தூங்கப் போகிறார்கள். கடைசியாக எப்போது குடித்தார் என்று யாரும் கேட்கவில்லை. குடி நின்ற இரண்டாம் மூன்றாம் நாளில் வரும் டெலிரியம் ட்ரெமன்ஸ் என்ற கடும் குழப்பநிலை இது, கவனிக்காவிட்டால் ஆள் போய்விடுவார். நாடித்துடிப்பு, பிரஷர், காய்ச்சல், சுகர், சோடியம் பார்க்கவேண்டும். குளுக்கோஸ் ஏற்றும் முன் தயமின் (வைட்டமின் பி1) போகவேண்டும். முதல் மருந்து, அமைதிப்படுத்தும் பென்சோடயசிபின். மனநோய்க்குத் தரும் ஹாலோபெரிடாலை மட்டும் போட்டு அடக்கப் பார்த்தால் வலிப்பு வரும் வாய்ப்பைக் கூட்டுகிறோம். திடீரென்று ஆரம்பித்தது, நேரத்துக்கு நேரம் மாறுகிறது, இடமும் நேரமும் குழம்புகிறது, கண்ணுக்கு ஏதேதோ தெரிகிறது என்றால் முதலில் உடம்பைத் தேடுங்கள்.

மருந்தால் வரும் தொல்லையை நோய் என்று நினைப்பதும் இந்த வகைதான். ஹாலோபெரிடால் போட்டவர் வராந்தாவில் நிற்காமல் நடக்கிறார். "இன்னும் அடங்கல" என்று டோஸைக் கூட்டினால் இன்னும் நடப்பார், ஏனென்றால் அது அக்கதீசியா, மருந்தால் வரும் நிலைகொள்ளாமை. "உள்ளுக்குள்ள பரபரன்னு இருக்கா, உட்காரவே முடியலையா?" என்று அவரையே கேளுங்கள். கழுத்து ஒரு பக்கம் திருகி, கண் மேலே செருகி நிற்கும் பையனைப் பார்த்து வீட்டார் பேய் என்று அலறலாம். அதுவும் மருந்தின் வேலைதான். புரோமெத்தசின் ஊசி போட்டால் பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் கழுத்து நேராகிவிடும்.

பேய் என்றதும் நினைவு வருகிறது. மனநோய் தீரும் என்று நம்பி குணசீலம் கோயிலுக்கும் ஏர்வாடி தர்காவுக்கும் போய்விட்டு வந்த குடும்பத்தைப் பார்த்துச் சிரிக்கும் மாணவர்கள் உண்டு. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு காப்பகக் கொட்டகை தீப்பிடித்து, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் கருகிப்போனார்கள். சங்கிலியை எதிர்ப்பது நம் வேலை. சட்டமும் அதைத் தடை செய்திருக்கிறது. ஆனால் மகனைக் கூட்டிக்கொண்டு கோயில் கோயிலாக அலைந்த தாயை நாம் ஏளனம் செய்தால், அவர் அலைந்த அந்த மூன்று வருடத்தை நம்மிடமிருந்து மறைத்துவிடுவார். நோய் எப்போது தொடங்கியது என்ற விவரம் அந்த மூன்று வருடத்தில்தான் இருக்கிறது. "முதல்ல எங்கெல்லாம் போனீங்கம்மா?" என்று சாதாரணமாகக் கேட்டால் சொல்வார்.

சின்னச் சின்னதாகவும் சில. பக்கத்து வீட்டுக்காரர் சோற்றில் மருந்து வைக்கிறார் என்கிறவரிடம் ஆதாரம் காட்டி வாதாடாதீர்கள், ஆமாம் போடவும் வேண்டாம். "அப்படி நினைச்சுட்டு இருக்கிறது எவ்வளவு பயமா இருக்கும்" என்று அவருடைய பயத்தைப் பற்றிப் பேசுங்கள். மின்னதிர்ச்சி சிகிச்சையான ஈசிடியை சினிமாவில் பார்த்ததை வைத்துப் பேசாமல் ஒரு நாள் காலையில் நேரில் பாருங்கள்: மயக்க மருந்தும் தசை தளர்த்தியும் இல்லாமல் கொடுப்பதை 2017ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. வார்டில் கேட்டதை ஹாஸ்டல் வாட்ஸாப் குரூப்பில் பெயர் இல்லாமல்கூடப் போடாதீர்கள். ஊர், தொழில், சம்பவம் மூன்றும் சேர்ந்தால் ஆள் தெரிந்துவிடும்.

கடைசி நாள் தவறு ஒன்று இருக்கிறது. போஸ்டிங் முடிந்த சந்தோஷத்தில் அட்டெண்டன்ஸில் கையெழுத்து வாங்கிக்கொண்டு பறந்துவிடுவார்கள். இரண்டு வாரமாக வீட்டில் யாரிடமும் சொல்லாததை உங்களிடம் சொன்ன ஒருவர் மறுநாள் ஒன்பது மணிக்கு வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். "அந்தக் கண்ணாடி போட்ட தம்பி இன்னிக்கு வரலையா?" என்று கேட்பார், நாங்கள்தான் பதில் சொல்லவேண்டியிருக்கும். இரண்டு நாள் முன்னாலேயே அவரிடம் சொல்லிவிடுங்கள். அடுத்து அவரைப் பார்க்கப்போகிற மாணவரையும் ஒரு நாள் கூட்டிக்கொண்டு போய் அறிமுகப்படுத்திவிட்டுக் கிளம்புங்கள்.