'ஆப்டிகேட்' (abdicate) என்னும் ஆங்கில வினைச்சொல்லைப் புரிந்து பயன்படுத்துவது எப்படி?

'ஆப்டிகேட்' என்ற சொல்லைக் காணும்போது முதலில் அதை இரண்டாகப் பிரித்துப் பாருங்கள்: லத்தீனில் 'ஆப்' என்பது 'விலகி', 'டிகாரே' என்பது 'அறிவித்தல்', ஆகவே, வெறுமனே விலகுவதன்று, விலகுவதாக வாய்விட்டு அறிவிப்பதே இச்சொல்லின் உயிர். ('டெடிகேட்', 'இண்டிகேட்' ஆகியனவும் இதே வேரில் கிளைத்தவை.) 1936 டிசம்பர் 10 அன்று பிரிட்டிஷ் மன்னர் எட்டாம் எட்வர்ட், தம்பியர் மூவர் சாட்சியாக நிற்க, தமக்கும் தம் வழித்தோன்றல்களுக்கும் அரியணை வேண்டாமெனப் பத்திரத்தில் கையெழுத்திட்ட காட்சியை மனத்தில் இருத்திக்கொண்டால் பொருள் மறக்காது.

மன்னரைப் பற்றியென்றால் 'முடிதுறந்தார்' என்றே எழுதுங்கள். இவ்வளவு அழகான சொல் நம்மிடம் இருக்கையில் 'ராஜினாமா' பொருந்தாது. பொறுப்பு, கடமை ஆகியவற்றோடு 'ஆப்டிகேட்' சேர்ந்து வந்தால் கண்டனத் தொனி ஏறிவிடும். அங்கே 'தட்டிக்கழித்தார்' என்பதே சரியாக அமையும்.