ஒன்ராறியோவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு: மமோகிராம் எடுக்க வைத்தியரின் கடிதம் வேண்டாம்

வந்திறங்கியதும் சின் நம்பர், வங்கிக் கணக்கு, பிள்ளைகளின் பள்ளிக்கூடம் என்று ஓடித் திரிந்துவிட்டு, ஓஹிப் காட் (ஒன்ராறியோ அரசின் மருத்துவக் காப்புறுதி அட்டை) கையில் கிடைத்ததும் அதைப் பர்சுக்குள் வைத்து மறந்துவிடுகிறோம், காய்ச்சல் வந்தால்தான் அது வெளியே வரும். நீங்கள் 40 வயதைத் தாண்டிய பெண் என்றால் அந்த அட்டைக்கு ஒரு வேலை இருக்கிறது: மார்பகப் புற்றுநோயை நேரத்தோடு கண்டுபிடிக்க எடுக்கும் எக்ஸ்ரே படமான மமோகிராம்.

"குடும்ப வைத்தியர் இன்னும் கிடைக்கவில்லை, கிடைத்த பிறகு பார்ப்போம்" என்றுதான் பலரும் சொல்கிறார்கள். அதற்காகக் காத்திருக்கத் தேவையில்லை. ஒன்ராறியோ மார்பகப் பரிசோதனைத் திட்டத்தில் 50 முதல் 74 வயது வரையானவர்கள் தாங்களாகவே அழைத்து நாள் குறிக்கலாம். 2024 அக்டோபர் முதல் 40 முதல் 49 வயது வரையானவர்களும் அப்படியே. காசு கட்டத் தேவையில்லை. பொதுவாக இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை, சிலரை மட்டும் வருடாவருடம் வரச் சொல்வார்கள். அம்மாவுக்கோ சகோதரிக்கோ மார்பகப் புற்றுநோய் வந்திருந்தால் அதைக் கட்டாயம் சொல்லுங்கள், நம்மவர்கள் "ஏதோ வருத்தம்" என்று மறைத்துப் பேசுவது இங்கே உதவாது. பரம்பரை ஆபத்து அதிகம் என்று தெரிந்தால் 30 வயதிலிருந்தே வருடாந்தம் மமோகிராமும் எம்.ஆர்.ஐ.யும் எடுக்கும் தனிப் பிரிவு உண்டு. அதற்கு மட்டும் வைத்தியர் அனுப்ப வேண்டும்.

ஒன்றைக் கவனியுங்கள். இதெல்லாம் அறிகுறி எதுவும் இல்லாதவர்களுக்கு. கட்டி தட்டுப்பட்டால், தோல் குழிந்தால், காம்பிலிருந்து இரத்தமோ நீரோ கசிந்தால் இந்த வரிசையில் நிற்காமல் உடனே வோக்-இன் கிளினிக்குக்காவது (முன்பதிவு இல்லாமல் வைத்தியரைப் பார்க்கும் இடம்) போங்கள். அவர்கள் வேறு வகைப் பரிசோதனைக்கு எழுதித் தருவார்கள்.

சரி, போகிற நாளுக்கு வருவோம். மாதவிடாய் வருகிறவர்கள் அது முடிந்த அடுத்த கிழமையில் நாள் எடுங்கள், அப்போது நோவு குறைவு. அன்று காலை டியோடரன்ட், பவுடர், கிறீம் எதுவும் வேண்டாம், படத்தில் அவை வெள்ளைப் புள்ளிகளாக விழுந்து வீணாக இரண்டாம் தடவை எடுக்க வைக்கும். சேலையோ முழு நீளச் சட்டையோ வேண்டாம், மேலே ஒன்று கீழே ஒன்று என்று உடுத்தினால் மேல்பாதியை மட்டும் கழற்றினால் போதும். தாலிக்கொடியைக் கழற்றச் சொல்வார்கள், அங்கே வைத்துத் தடுமாறாமல் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போவது நல்லது. ஆங்கிலம் தடுமாறும் என்றால் நாள் குறிக்கும்போதே மொழிபெயர்ப்பாளர் கிடைப்பாரா என்று கேளுங்கள், மகனைக் கூட்டிக்கொண்டு போய் இருவரும் சங்கடப்பட வேண்டாம்.

மார்பை இரண்டு தட்டுகளுக்கு நடுவில் வைத்து அழுத்துவார்கள். பொய் சொல்லப் போவதில்லை, சிலருக்கு நோகும். ஆனால் ஒவ்வொரு படத்துக்கும் சில விநாடிதான். ஒரு மார்புக்கு இரண்டு படம். அப்படி அழுத்தினால்தான் திசு பரந்து உள்ளே இருப்பது தெளிவாகத் தெரியும், கதிர்வீச்சும் குறைவாகப் போதும்.

கொழும்பிலோ சென்னையிலோ முன்பு எடுத்த படங்கள் இருந்தால் கொண்டு போங்கள், பழையதோடு ஒப்பிட்டால்தான் மாற்றம் தெரியும். அப்புறம், திரும்ப வரச் சொல்லி அழைப்பு வந்தால் அன்றிரவே அழுது ஊருக்குப் போன் போட வேண்டாம். இன்னொரு கோணத்தில் படமோ அல்ட்ராசவுண்டோ எடுப்பார்கள். அப்படி அழைக்கப்படுகிறவர்களில் பெரும்பாலானோருக்குப் புற்றுநோய் இருப்பதில்லை. ஆனால் அந்த இரண்டாவது நாளை மட்டும் தள்ளிப் போடாதீர்கள்.