பேக்கப் ஏலியாஸில் && போடும்போது

நான் கல்யாணப் படம் எடுப்பவன். எடுத்த படங்களை வெளி ஹார்டு டிஸ்கில் ஏற்றாமல் படுக்கப் போவதில்லை. ஸ்டுடியோவில் உபுண்டு, ஷெல் (அடிக்கும் கட்டளைகளை வாங்கி ஓட்டும் நிரல்) பாஷ். கட்டளைகளை ஒலிப்பைப் பார்த்துத் தமிழில் எழுதுகிறேன். நீங்கள் டெர்மினலில் ஆங்கில எழுத்திலேயே அடியுங்கள்.

எந்தக் கட்டளையும் முடியும்போது ஓர் எண்ணை விட்டுச் செல்லும். 0 என்றால் நல்லபடியாக முடிந்தது, மற்றதெல்லாம் கோளாறு. && போட்டால், முந்தையது 0 தந்தால்தான் அடுத்தது ஓடும். || அதற்கு நேர் எதிர். ; எதையும் பார்க்காது, ஓடிவிடும்.

டிஸ்க் மாட்டாமலே, கோப்புகளை நகலெடுக்கும் ஆர்சிங்க் கட்டளை ஓடினால், படமெல்லாம் உள் டிஸ்கில் இருக்கும் வெற்று ஃபோல்டரில் போய்க் குவியும். அதனால் டிஸ்க் மாட்டியிருக்கிறதா என்று முதலில் மவுண்ட்பாயிண்ட் என்ற கட்டளையை விட்டுப் பார்க்கச் சொல்ல வேண்டும். பலரும் இதை ஏலியாஸாக, அதாவது நீளமான கட்டளைக்கு வைக்கும் குறும்பெயராக, எழுதுவது இப்படி:

ஏலியாஸ் பேக்கப்='மவுண்ட்பாயிண்ட் -க்யூ /எம்என்டி/டிஸ்க் && ஆர்சிங்க் -ஏ ~/போட்டோ/ /எம்என்டி/டிஸ்க்/ || எக்கோ டிஸ்க் இல்லை'

ஒற்றை மேற்கோள்தான் போட வேண்டும். இரட்டை போட்டால் $ உள்ளவை ஏலியாஸ் எழுதும்போதே விரிந்துவிடும்.

பார்க்க அழகான வரிதான், ஆனால் எனக்கு இதில் நம்பிக்கை கிடையாது. || இங்கே 'இல்லையென்றால்' அல்ல. இடப்பக்கம் எது தோற்றாலும் அது ஓடும். ஆர்சிங்க் ஓடும்போது எடிட்டிங் மென்பொருள் ஒரு தற்காலிகக் கோப்பை அழித்தால் ஆர்சிங்க் 24 தரும். டிஸ்க் மாட்டியிருக்கும்போதே 'டிஸ்க் இல்லை' என்று வரும்.

இதைவிட மோசமானது ஒன்று உண்டு. 'பேக்கப் --டிரை-ரன்' என்று அடித்தால் அந்தச் சொல் ஏலியாஸின் கடைசிக் கட்டளையோடுதான் ஒட்டும், அதாவது எக்கோவோடு. ஒத்திகை என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள், ஆர்சிங்க் நிஜமாகவே ஓடிக்கொண்டிருக்கும்! அப்புறம் 'பேக்கப் && பவர்ஆஃப்' என்று அடித்துவிட்டுத் தூங்கப் போகும் வழக்கம் இருந்தால், டிஸ்கே இல்லாவிட்டாலும் கணினி அணையும். எக்கோ எப்போதும் 0 தானே தரும்.

இவ்வளவு நிபந்தனை வந்த பிறகு ஏலியாஸ் எதற்கு? டெர்மினல் திறக்கும்போது பாஷ் படிக்கும் .பாஷ்ஆர்சி கோப்பில் ஃபங்ஷனாக (பெயர் வைத்த கட்டளைத் தொகுப்பாக) எழுதுங்கள்:

பேக்கப்() {
  இஃப் மவுண்ட்பாயிண்ட் -க்யூ /எம்என்டி/டிஸ்க்; தென்
    ஆர்சிங்க் -ஏ "$@" ~/போட்டோ/ /எம்என்டி/டிஸ்க்/
  எல்ஸ்
    எக்கோ டிஸ்க் இல்லை
    ரிட்டர்ன் 1
  ஃபை
}

நீங்கள் கூடுதலாக அடிப்பது "$@" வழியாக ஆர்சிங்கிடமே போகும். ஆர்சிங்க் தரும் எண்ணும் அப்படியே வெளியே வரும், டிஸ்க் இல்லையென்றால் 1. பவர்ஆஃபை இனி நம்பிச் சேர்க்கலாம்.

பழைய ஏலியாஸ் வரியை .பாஷ்ஆர்சியிலிருந்து நீக்கிவிட்டு, திறந்திருக்கும் டெர்மினலில் 'அன்ஏலியாஸ் பேக்கப்' அடித்த பிறகே கோப்பை மறுபடி ஏற்றுங்கள். இல்லையென்றால் ஃபங்ஷன் பெயரையே பாஷ் பழைய ஏலியாஸாக விரித்து, சின்டாக்ஸ் பிழை காட்டி நின்றுவிடும்.